நடுப்பெட்டியின் பிளக்

எழுந்து நின்றாலே ஹெப்சிபாவுக்குத் தலை சுற்றியது. கடைக்குப் போயிருந்த கணவன் டோனிக்குச் சீட்டு எழுதி, அவனுடைய மானிட்டரில் ஒட்டினாள். அவன் கண் போகும் இடம் அது ஒன்றுதான்.

"ரசத்தைச் சுட வச்சுக்குங்க. ஸ்கூட்டி சாவி ஆணியில இருக்கு, நான் ஆட்டோவுல போறேன்.

மூணு குட்டிக் கம்ப்யூட்டரைச் சேத்து கிளஸ்டர் போட்டீங்களே, ஒண்ணு நின்னாலும் மத்த ரெண்டும் அது வேலையை எடுத்துச் செய்யும்னு எம்புட்டுத் தடவ சொன்னீங்க! நெசந்தான். ஞாயித்துக்கிழமை மிக்ஸி போட நடுப்பெட்டி பிளக்கைப் பிடுங்கினேன், திரும்பச் சொருக மறந்துட்டேன். நாலு நாளா உங்களுக்குத் தெரியவே இல்ல. இப்பச் சொருகிட்டேன்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"கிளினிக்குக்குத்தான் போறேன். எனக்கும் ஞாயித்துக்கிழமையில இருந்து காய்ச்சல்."