பதினோராம் பக்கத்து வெள்ளி

கேசோன் நகரம்
ஜனவரி 10, 1994

லெத்திக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்திருப்பாய். கிழிக்காமல் பிரித்ததற்கு நன்றி. ஏழு வருஷத்துக்குப் பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வேலை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இப்போது ஒரு பாடநூல் அலுவலகத்துக்குத் திருப்பு மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தை யாரோ நம் தகாலோக் மொழியில் எழுதுவார்கள். அந்தத் தகாலோக் மட்டும், பெயர் இல்லாமல், என்னிடம் வரும். மூலத்தைப் பார்க்காமல் அதை மறுபடி ஆங்கிலமாக்கித் தரவேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வழியில் எது சிந்தியது என்று பார்ப்பார்கள். எழுதியவரும் நானும் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்கவேண்டும் என்பது விதி.

டிசம்பரில் மூன்றாம் வகுப்புக்கான கிரகங்கள் புத்தகம் வந்தது. சனியின் வளையத்துக்கு நெல் புடைக்கும் முறத்தின் விளிம்பைச் சொல்லியிருந்தது. கிரகங்களின் சுற்றுப்பாதைக்கு, புனித வார ஊர்வலம் ஊர் நடுச் சதுக்கத்தைச் சுற்றிவரும் வழி. சரி, யாரோ கெட்டிக்காரி என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் பூமியும் வெள்ளியும் சகோதரிகள் என்றுதான் இருந்திருக்கும். அதைப் பூமி அக்கா, வெள்ளி ஒரு பிடி சிறியது என்பதால் தங்கை என்று பிரித்து உட்கார வைத்திருந்தது. அடுத்த வரியில், 'மூக்கை நோண்டாமல் மேலே பார்' என்று பிள்ளைகளுக்கு ஒரு அதட்டல். அறிவியல் புத்தகத்தின் நடுவில் பிள்ளைகளை அதட்டக்கூடியவள் இந்த நாட்டில் ஒருத்திதான். தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன், லெத்தி. பிறகு கொஞ்சம் அழுதேன்.

பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். 'ஒவ்வொரு டிசம்பரிலும், விடியல் பூசைக்கு நடந்து போகும்போது மணிக்கூண்டுக்கு மேலே வெள்ளி தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். இந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒன்பது விடியல் பூசைக்கும் போனேன். கிழக்கே ஒன்று பளிச்சென்று இருந்தது. ஆனாலும் சந்தேகமாக இருந்ததால் பல்கலைக்கழகத்து வானாய்வுக் கூடத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் சொன்னார்: "நீங்க பாத்தது வியாழன் மேடம். வெள்ளி இப்ப சூரியனுக்குப் பின்னால போயிருக்கு. யார் கண்ணுக்கும் படாது."

தவறு என்று தெரிந்துகொண்டே, நீ எழுதியபடியே ஆங்கிலத்தில் எழுதி வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். திருத்த எனக்கு உரிமை இல்லை. கொடுக்கும்வரை உனக்கு எழுதவும் கூடாது. இப்போது எழுதுகிறேன். அவர்கள் கேட்பார்கள், தயாராக இரு.

டெல்பினாவுக்குக் கிறிஸ்துமஸ் பொட்டலம் கிடைத்ததா? சட்டை சரியாக இருந்ததா? உன் மகளிடம் ஞானத்தாய் கேட்டதாகச் சொல்.

மினியா

தயாபாஸ்
ஜனவரி 19, 1994

மினியா,

உன் கடிதமும் அலுவலகத்துக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சருக்கு இன்னிக்கு அதிர்ஷ்டம்" என்றார். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை.

பதினோராம் பக்கத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பிப்ரவரி 11 அன்று மணிலாவில் குழுவின் முன்னால் வந்து விளக்கம் சொல்லவேண்டுமாம். எங்கள் பள்ளி மேற்பார்வையாளர் திரு. பாந்தோஹாவும் குழுவில் இருக்கிறார். நான் இந்த வேலையை எடுத்தபோதே ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர்: "மிஸஸ் உமாலி, நம்ம பாஷை மீன் விக்கவும் ஜெபம் பண்ணவும் நல்லா இருக்கும். வானத்த இங்கிலீஷுக்கு விட்டுடுங்க." நானும் சும்மா இருக்கவில்லை. "இந்தப் புஸ்தகம் வரட்டும் சார், காட்டுறேன்" என்று சவால் விட்டேன். இந்தப் புத்தகம் விழுந்தால் அதோடு முடிந்தது. தகாலோகில் இனி அறிவியல் புத்தகம் வராது. என் வகுப்புப் பிள்ளைகள் 'ஆர்பிட், ஆர்பிட்' என்று அர்த்தம் தெரியாமல் ஒப்பித்துக்கொண்டே பெரியவர்களாவார்கள்.

ஒரு 'சில வருஷங்களில்' என்று போட்டிருந்தால் உன் பேனா தேய்ந்தா போயிருக்கும்? இரண்டே சொல். யாருக்குத் தெரிந்திருக்கும்? உனக்குத் தவறு தெரிந்திருந்தது, நான்தான் என்றும் தெரிந்திருந்தது, அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறாய். நாம் சேர்ந்து மொழிபெயர்த்த மரங்கள் புத்தகத்தின் அட்டையில் உன் பெயர் வராததற்கு ஏழு வருஷம் காத்திருந்து வாங்கிக்கொண்டாய் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் சொல்.

அதோடு, நாம் பார்த்தோமே மினியா. பொய்யா அது? இஞ்சித் தண்ணீர் டம்ளரோடு, மூங்கில் குழாயில் வேகும் ஊதாப் புட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டு, ஒன்பது விடியலும் பார்த்தோம். டெல்பினா என் வயிற்றில் இருந்தாள்.

சட்டை சரியாக இருக்கிறது. கைதான் கொஞ்சம் நீளம்.

லெத்திசியா உமாலி

கேசோன் நகரம்
ஜனவரி 27, 1994

லெத்திக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கோபம் எவ்வளவு என்று அளந்துகொண்டேன்.

அட்டை விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். பதினான்கு மாதம் உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த மரங்களை எல்லாம் நாம் இருவரும்தான் பெயர்த்து நட்டோம். புத்தகக் கடையில் உன் பெயரை மட்டும் பார்த்தபோது, வெளியே வந்து எந்த ஜீப்னி வண்டியில் ஏறினேன் என்றே தெரியவில்லை. ஆனால் அதற்குப் பழி வாங்க வேண்டுமானால் எனக்கு வேறு வழிகள் தெரியும். உன் முறத்தை நான் 'தட்டு' என்று எழுதியிருந்தால் போதும், உன் புத்தகம் உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும். முறத்தை முறமாகவே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வாரம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினேன்.

நீ கேட்ட அந்த இரண்டு சொல்லுக்கு வருகிறேன். நான் அதைச் சேர்த்திருந்தால் ஆங்கிலத்தில் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும், தகாலோகில் தவறு அப்படியே அச்சாகியிருக்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விடியலில் எழுந்து, குளிரில் நின்று, வியாழனைப் பார்த்து வெள்ளி என்று கும்பிட்டிருப்பார்கள். அதுவும் கண்ணில் படாத வருஷங்களில் உன் புத்தகத்தைப் பொய் என்றிருப்பார்கள். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் பிள்ளைகளிடம் உன்னை மாட்டிவிட்டிருப்பேன்.

நாம் பார்த்தது பொய் இல்லை. மறுபடி வானாய்வுக் கூடத்துக்குப் போனேன். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். 1986 டிசம்பரில் வெள்ளி விடியலில்தான் இருந்ததாம். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை அது ஏறக்குறைய அதே நாளில் அதே இடத்துக்கு வந்துவிடுமாம். நாம் ஒரே ஒரு டிசம்பரில் சேர்ந்து நடந்தோம். நீ அதை எல்லா டிசம்பருக்கும் ஆக்கிவிட்டாய். எனக்கும் அந்த டிசம்பர்தான் எல்லா வருஷமும் நினைவுக்கு வருகிறது, அதனால் உன்னைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

கணக்கு இதோ: அடுத்தது இந்த வருஷம், 1994 டிசம்பர். புத்தகம் ஜூனில் பள்ளிக்குப் போனால், பிள்ளைகள் ஆறு மாதத்தில் தாங்களே எழுந்து சரிபார்க்கலாம். பாந்தோஹாவிடம் இதைச் சொல். கூட்டத்துக்கு நான் வர முடியாது. விதி. ஆனால் பதினோராம் தேதி முழுதும் கையில் வேலை ஓடாது.

கையை ஒரு மடிப்பு மடித்துத் தைத்துக்கொடு. பிள்ளை வளர்வாள்.

மினியா

தயாபாஸ்
பிப்ரவரி 13, 1994

என் மினியாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன், ஒன்றரை மணி நேரம். நாற்காலி இருந்தது, காலுக்குத்தான் மடங்கத் தெரியவில்லை.

திரு. பாந்தோஹா முதலில் ஆரம்பித்தார். "பாத்தீங்களா, தகாலோக்ல எழுதினா இப்படித்தான் ஆகும். கோயில், புட்டு, ஊர்வலம்னு போயி கடைசியில கிரகத்தையே தொலைச்சிட்டாங்க."

வானவியல் பகுதியைச் சரிபார்த்த டாக்டர் கியாம்பாவோ கண்ணாடியைக் கழற்றினார். சின்ன உருவம், குரல் மட்டும் கப்பல் சங்கு. "தப்பு பாஷையில இல்ல சார். இந்தம்மா ஞாபகத்துல இருக்கு. இங்கிலீஷ் புஸ்தகத்துல அதே இடத்துல என்ன இருக்கு தெரியுமா? 'சில காலங்களில் கிழக்கே காணப்படும்.' பதினஞ்சு வருஷமா அதப் படிச்சுட்டுதான் இருக்கேன். ஒரு நாளும் எந்திரிச்சுப் போயிப் பாத்ததில்ல. இதப் படிச்ச மறுநாள் விடியக்காலையில வாசல்ல நின்னேன், கணக்கு தெரிஞ்சவ நானே நின்னேன். அப்ப பிள்ளைங்க நிக்காதா?"

"நின்னு என்ன பிரயோஜனம்? அங்க வெள்ளி இல்லையே."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "இந்த டிசம்பர்ல இருக்கும் சார். அதே நாள்ல அதே இடத்துக்கு மறுபடி எட்டு வருஷம் கழிச்சு வரும். அப்படியே எழுதித் தரேன். இல்லாமப் போனா நீங்க சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்." டாக்டர் அம்மா தாளில் ஏதோ கணக்குப் போட்டு, "எட்டு வருஷம் சரி" என்றார். பாந்தோஹா விரல்விட்டு ஏதோ எண்ணினார், தன் வயதை எட்டால் வகுத்துப் பார்த்தாரோ என்னவோ. பிறகு, "செவ்வாய்க்கிழமை மட்டும்தான் செவ்வாய் தெரியும்னு எழுதாம விட்டீங்களே" என்றார். அவர் அகராதியில் அது சமாதானம்.

புத்தகம் தேறிவிட்டது. ஜூனில் பள்ளிக்குப் போகிறது. அடுத்தது நிலா, அதையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது டாக்டர் அம்மா சொன்னார்: "திருப்பி எழுதினது யாருன்னு தெரியல. ஆனா ஒரு தூசியக்கூட ஒளிக்கல. அந்த மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம்." எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாமல் பஸ் நிலையம்வரை விழுங்கிக்கொண்டே வந்தேன்.

நீ எதையும் ஒளிக்கவில்லை, நான் ஒளித்ததைச் சொல்கிறேன். மரங்கள் புத்தகம் அச்சாகும்போது அச்சகத்தில் கேட்டார்கள், "அட்டையில இடம் கம்மி மேடம், ஒரு பேரு போதுமா?" போதாது என்று நான் சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். அவர்கள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுக்க விட்டேன். என் பெயர் தனியாக எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன் மினியா. பார்த்தேன், ஒரு நாள்கூடச் சந்தோஷமாக இல்லை. மன்னித்துவிடு. ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கவேண்டும்.

டெல்பினா, நீ அனுப்பும் பொட்டலங்களின் சணல் கயிற்றைக்கூட எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் லெத்தி

கேசோன் நகரம்
மார்ச் 21, 1994

என் லெத்தி,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்க யோசித்தேன் என்று நினைக்காதே. அது உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. கோபம் போன பிறகு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

தாமதத்துக்குக் காரணம் வேறு. பிப்ரவரி கடைசியில் நிலா புத்தகத்துக்கு என்னையே போட அலுவலகத்திலிருந்து புதுப் படிவம் வந்தது. இதுவரை வாய்வார்த்தையாக இருந்த விதியை இப்போது அச்சடித்துவிட்டார்கள். மூன்றாம் கேள்வி: மொழிபெயர்ப்பாளரை உங்களுக்குத் தெரியுமா? பேனாவை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு நேரில் போனேன். முகப்பு மேசையில் இருக்கும் பெண் நல்லவள். "தெரியாதுன்னு போடுங்க மேடம். யாரு பாக்கப் போறா?" என்றாள்.

"நான் பாப்பேனே" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் பக்கத்திலேயே உன்னைத் தெரிந்துகொண்டது, வேலையைக் கொடுக்கும்வரை உனக்கு ஒரு வரி எழுதாதது, பிறகு எழுதியது, எல்லாம். கிரகங்கள் புத்தகத்துக்கு இதனால் ஆபத்து வருமா என்று கேட்டேன். அவர்கள் அதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொன்னார்கள். அதற்குத்தான் மூன்று வாரம். போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அந்த ஆளின் ஆங்கிலமும் என்னுடையதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போயிருக்கிறதாம். அவரும் முறத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார். உன் புத்தகம் அப்படியே நிற்கிறது. ஜூன் ஜூன்தான்.

என் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நிலாவை யார் திருப்பி எழுதப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியக் கூடாது.

மூன்றாம் கேள்விக்கு எழுத ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். 'தெரியும். என் தோழி. அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். ஏழு வருஷம் பேசாமல் இருந்தோம், இப்போது பேசுகிறோம்' என்று எழுதினேன். இடம் போதாமல் ஓரத்தில் ஏறிக்கொண்டது. மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆக, எனக்கு இப்போது வேலை இல்லை. உனக்கு ஒரு நிலா இருக்கிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் லுசேனா வந்து அங்கிருந்து ஜீப்னி பிடிக்கிறேன், பத்து மணிக்குள் வந்துவிடுவேன். மறுநாள் குருத்தோலை ஞாயிறு, டெல்பினாவுக்கு ஓலை நான் வாங்கித் தருவேன், நீ முந்திக்கொள்ளாதே. நிலா புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தொடங்கியிருந்தால் நிறுத்திவை. சமையலறை மேசையில் ஒரு பக்கத்தைக் காலி செய்.

சனிக்கிழமை வரும்
உன் மினியா