கல்நெஞ்சுக்காரனுக்காக ஒரு உபவாசம்

அன்பு மகனே, ஆண்டவர் தயவில் இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கொஞ்சம் போயிருக்கிறது.

சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாஸ்டர், எப்போதும் கிட்டாரும் கையுமாகத் திரிகிறவர், ஊரில் நடக்கிற அநியாயத்தையும் சபை கேட்க வேண்டும் என்று நீதிக்கான ஜெபக்குழு ஒன்று தொடங்கினார். தலைவர் வேறு யார், உன் அப்பாதான். முதல் கூட்டத்திலேயே ஒரு தையற்காரம்மா எழுந்து அழுதாள். வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்கிறார்களாம், எல்லாம் புரோக்கர் மூலமாம், வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையாம், இரண்டு பெண் பிள்ளைகளோடு நான் எங்கே போவேன் என்றாள். நீலக் கேட், மூடினாலும் ஒழுகுகிற குழாய் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிவிட்டது. நம் வீடேதான்டா! ஆளைக் கிளப்பிவிட்டு நாள் வாடகைக்கு விடலாம் என்று நீ போனில் சொன்னாயே, அதே வீடு. அப்பாவுக்கு மட்டும் உறைக்கவே இல்லை. நான் அவர் பக்கம் திரும்புவதற்குள் ஜெபிக்கக் கண்ணை மூடிவிட்டார். அந்தக் கல்நெஞ்சுக்காரனை உடையும் ஆண்டவரே, அவன் தூக்கத்தைப் பிடுங்கிப்போடும் என்று அவர் கதற, கூட்டமே ஆமென் போட்டது. நானும் போட்டேன், எனக்கும் அதில் சம்மதம்தானே.

அந்த ஆள் மனம் மாறும்வரை காலைச் சாப்பாடு வேண்டாம் என்று உபவாசம் வேறு. வீட்டில் நான் வாயைத் திறந்தால், உபவாசத்தில் உலகக் காரியம் பேசாதே என்று கையைக் காட்டிவிடுவார். தூக்கமும் போய்விட்டது, பிசாசின் வேலை என்று புலம்பினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் தையற்காரம்மா வீட்டிலேயே ஒரு ஜெபம் வைத்தார்கள். நீலக் கேட்டைப் பார்த்ததும்தான் அது நம் வீடு என்று அப்பாவுக்கு உறைத்தது. உள்ளே மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே, நீங்கதான் அண்ணா சுவத்துல கைவச்சு ஜெபிக்கணும் என்றாள் அவள். கையை வைத்தார், ஈரத்தில் ஊறிய பூச்சு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. திக்கித் திணறி, அந்த ஆள் நான்தான் என்றார். பாஸ்டர் உருகிப்போய், ஆமா, நாம எல்லாருமே அந்த ஆள்தான் என்று கண்ணைத் துடைத்தார். அவ்வளவுதான், நானும்தான் நானும்தான் என்று ஆளாளுக்கு அழ ஆரம்பித்தார்கள். ஐயோ, நிஜமாவே நான்தாங்க வீட்டுக்காரன் என்று இவர் கத்தக் கத்த, கிட்டார் இன்னும் உருக்கமாகப் போனது. கடைசியில் புரோக்கருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துத்தான் நம்பவைத்தார். தையற்காரம்மா திட்டவில்லை, அழவில்லை. அப்ப முதல்ல குழாயை மாத்துங்கண்ணா என்றாள்.

இருந்துக்கோம்மா என்று அவர் அங்கேயே சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனுஷன் வெட்கத்தில், பத்திரம் என் மகன் பேர்ல இருக்கு, அவனைத்தான் கேக்கணும் என்று உளறிவிட்டார். உண்மைதானே அது. இப்போது சபை மொத்தமும் உன் பக்கம் திரும்பிவிட்டது. நேற்று ஆராதனையில் நீ பட்டம் வாங்கிய படத்தைப் பெரிய திரையில் போட்டு, அதன் கீழே நீ ஸ்டேட்டஸில் வைத்திருக்கிற வீடு எல்லாருக்கும் உரிமை என்ற வரியையும் போட்டு, உன் கல்நெஞ்சு கரைய எல்லாரும் கை நீட்டி ஜெபித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தம் போட்டது உன் அப்பா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உன்மேல் ஆத்திரமாகவும் வந்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் முன் வரிசையில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

மாதம் முடியப்போகிறது. அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடு, ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். நான் அனுப்பிய புதுச் சட்டையைத் துவைத்துவிட்டுப் போடு. இன்று காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

உன் பதிலுக்காக முழங்காலில் நிற்கும்,
அம்மா