காரணம்: தாத்தாவின் கை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து முட்டிவலி. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். பாதுகாப்பான குடிநீர் பற்றி வீட்டில் செய்து பார்க்க வேண்டிய சோதனைகளாம். 'குடும்பத்தில் எல்லோரும் பங்கெடுக்க வேண்டும்' என்று மூடியிலேயே போட்டிருக்கிறது. மகன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "தாத்தா சும்மாதானே இருக்காரு, அவரக் கூட்டிக்கோ" என்றான். ஆயுசு பூராவும் பஸ்ஸில் நின்றுகொண்டே சீட்டுக் கிழித்து இவனைப் படிக்க வைத்தவன், இப்போது சும்மா இருக்கிறேன். சரி, இருந்துவிட்டுப் போகிறேன்.

பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து, பஞ்சு, கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கினோம். மணலை அலசியது நான். சேற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே பளிச்சென்று சொட்டியது. "குடிச்சிடலாம் போலிருக்கே" என்றேன். "ஐயோ தாத்தா! தெளிஞ்சிட்டா சுத்தம்னு அர்த்தமில்ல. கிருமி கண்ணுக்குத் தெரியாது" என்று மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூன் 7, சனி

சின்னச் சின்னச் சீசாக்கள், உள்ளே மருந்து தடவிய காகிதம். தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். கெட்ட தண்ணீர் என்றால் கறுத்துவிடுமாம். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் சமையலறைப் பானைத் தண்ணீர்.

வீட்டில் சூடான இடம் எது என்று கேள்வி வந்தது. மருமகள் யோசிக்கக்கூட இல்லை. "தாத்தா ரூம்ல வைடி. சாயங்கால வெயில் பூரா அங்கதான்."

ஆக, தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள் அந்த அறையை!

ஜூன் 9, திங்கள்

குழாய்ச் சீசா அப்படியே இருக்கிறது. பானைச் சீசா மை மாதிரி கறுத்துவிட்டது. அதே குழாயில் பிடித்துத்தான் பானையில் ஊற்றுகிறோம். அப்படியானால் பானைக்கு வந்த பிறகுதான் கெட்டிருக்கிறது. "யாரோ கைய விட்டிருக்கோம்" என்றாள் பேத்தி. 'யாரோ' என்றுதான் சொன்னாள். குழந்தை மேல் எனக்குக் குறையில்லை.

ஜூன் 14, சனி

எழுதவே மனசில்லை. ஆனாலும் எங்கே போய்ச் சொல்வது?

இன்றைய சோதனை: எல்லோரும் கையில் நீலப் பொடி தடவிக்கொண்டு (வாயில் பட்டாலும் ஒன்றும் ஆகாத பொடிதான்) வழக்கமான வேலைகளைப் பார்க்க வேண்டும். பிறகு நீலம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தேட வேண்டும். கதவுப் பிடியில் இருந்தது. மகனின் கைபேசியில் இருந்தது. மருமகளின் நெற்றியில்கூட இருந்தது. பானை விளிம்பைச் சுற்றி நீலமோ நீலம். நாலு பேரும்தான் டம்ளரை முக்கி மோந்தோம். எது யார் விரல் என்று எந்த நீலம் சொல்லும்?

ஆனால் நான் கொட்டாவி விட்டேன். நாக்கு நீலம்.

பேப்பர் படித்தேன் அல்லவா? விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவேன். சீட்டுக் கிழித்த பழக்கம், விடவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மடையன். "அப்பாவுக்கு இன்னும் பஸ்ஸ விட்டு எறங்க மனசில்ல" என்றான் மகன். சிரித்துக்கொண்டிருந்த மருமகள் நிறுத்தினாள். "எச்சக் கையோட மோந்தா பானை கறுக்காம என்ன செய்யும்? இத்தன நாளா இதத்தான் குடிச்சிட்டு இருந்தோமா?"

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மருமகள் தன் நெற்றியில் இருந்த நீலத்தைத் துடைத்துக்கொண்டாள். என் நாக்கை மட்டும் எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

என் அறையில் புதுப் பானை. எவர்சில்வர், அடியில் குழாய் வைத்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இனிமே நீங்க குனிஞ்சு மோக்க வேணாம் பாருங்க, உங்க முட்டிக்கும் நல்லது."

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று யாராவது ஆரம்பித்தால், தப்பாக ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மகனைப் பார்த்தேன். அவன் சுவரில் பல்லி தேடிக்கொண்டிருந்தான்.

ஜூன் 16, திங்கள்

தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. தொண்டையில்தான் இறங்கவில்லை.

ஜூன் 21, சனி

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. 'குடும்பமாக வரவும்' என்றதால் என்னையும் கூட்டிப் போனார்கள். சோதனைகளைப் பற்றிப் பேத்தி எழுதி வைத்த அட்டைக்கு முதல் பரிசு. நடுவில் பெரிதாக ஒரு நீலக் கை வரைந்து, கீழே அழகான எழுத்தில்: 'எங்கள் வீட்டுத் தண்ணீர் கெட்டதற்குக் காரணம்: தாத்தாவின் கை.' எழுத்து அவளுடையது. வாசகம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"இவர்தான் அந்தத் தாத்தாவா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். பேத்தி பெருமையாகத் தலையாட்டினாள். படம் எடுக்க வந்தவர், "பெரியவரே, பக்கத்துல நின்னு கையக் காட்டுங்க" என்றார். காட்டினேன். வேறென்ன செய்ய? நான் ஓய்வு பெற்ற நாளிலும் இப்படித்தான் நிறுத்திப் படம் எடுத்தார்கள். 'ஒரு காசு தப்பாகத் தொடாத கை' என்று அன்றைக்கு மேலதிகாரி பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வயசில்! வெட்கக்கேடு.

ஜூலை 5, சனி

பெட்டியில் இரண்டு சீசா மிச்சம் இருந்ததாம். "மறுபடி பாக்கலாம் தாத்தா" என்றாள். சமையலறைப் பானையில் ஒன்று, என் பானையில் ஒன்று. அந்தச் சமையலறைப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்தே மூன்று வாரம் ஆகிறது. வழக்கம்போல என் அறை என்கிற அடுப்பில் வைத்திருக்கிறோம்.

ஜூலை 7, திங்கள்

கறுத்துவிட்டது! அவர்கள் பானைதான். என்னுடையது அப்படியே இருக்கிறது.

இரண்டையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். முட்டிவலி எங்கே போனதோ. மருமகள் பார்த்தாள். "அன்னைக்கு பானைய சரியாத் தேய்க்கல போல." மகன்: "விடுங்கப்பா, இதுல என்ன இருக்கு." இதில் என்ன இருக்கிறதா? அடப்பாவி, இதில் நான் இருக்கிறேன்டா!

பேத்திதான் சொன்னாள். "எல்லாரும் டம்ளரோட விரலையும் சேத்து முக்கறோம்மா. தாத்தா பானைல குழாய் இருக்கு, உள்ள யாரும் கை விடறதில்ல. அதான். அட்டைய மாத்தி எழுதணும்."

"பரிசெல்லாம் குடுத்து வருஷம் பூரா மாட்டி வெக்கறோம்னு சொல்லிட்டாங்க. இப்பப் போய் மாத்துனா மானக்கேடு" என்றாள் அவள் அம்மா.

மானம். அது இந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் போலிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

என் பானையைச் சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். "நல்ல பானை மாமா, எல்லாருக்கும் ஆகட்டும்." எனக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். "தீந்துட்டா கூப்பிடுங்க, நானே பிடிச்சுத் தரேன். நீங்க குழாயத் தொட வேணாம்."

பரிசோதனை தீர்ந்தது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

ஜூலை 9, புதன்

பாட்டில் தீர்ந்துவிட்டது. கூப்பிடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கொல்லைக் குழாயில்தான் குடிக்கிறேன். குழாய்த் தண்ணீரில் பழுதில்லை என்று முதல் சீசாவே சொல்லிவிட்டதே. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, வயிறு நிறைய. யாரும் பிடித்துத் தர வேண்டாம்.

இன்றைக்குப் பேத்தி பின்னாலேயே வந்து நின்றாள். "எனக்கும் தாத்தா" என்று என் கையருகே வாயைக் கொண்டுவந்தாள். குட்டியாக இருக்கும்போது அப்படித்தான் குடிப்பாள். என்னையறியாமல் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். தண்ணீர் அவள் பாவாடையெல்லாம் கொட்டிவிட்டது.

"ஏன் தாத்தா?"

"உன் கையில ஏந்திக் குடிம்மா" என்றேன். "நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு."