சுவர் முடிகிற இடம்

தராவா தீவு

என்னவருக்கு,

கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே கடல் சுவரைக் கட்டி முடித்துவிட்டார்கள். உதவி செய்த மூன்று நாடுகளின் கொடிகளையும் அதில் வரைந்திருக்கிறார்கள். நம் வீட்டுக்குச் சற்று முன்னால் அது நின்றுவிடுகிறது.

கட்டுவதற்கு முன்பு அவர்களுடைய பொறியாளர் மனேயாபா மண்டபத்தில் ஊரைக் கூட்டி, "சுவர் இவ்வளவு நீளம் போதுமா?" என்று கேட்டார். சுவர் முடிகிற இடத்தில் அலை இன்னும் மூர்க்கமாக மண்ணை அறுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல எழுந்தேன். உங்கள் அண்ணன் தெபாவ், "உக்காரு. விருந்தாளி மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லுவாங்களா?" என்று அதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன பௌர்ணமி அலையில் நாம் கிழங்கு பயிரிடும் குழிக்குள் கடல்நீர் ஏறி உப்பாகிவிட்டது. கூரைக்கு ஒன்றுமில்லை. கோழிகள் இருக்கின்றன.

வீட்டோரம் இருக்கிற பாப்பாவின் கல்லறைக்குத் தினமும் பூ வைக்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கிறேன். இப்போது தண்ணீரில் இறங்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பூ அங்கே நிற்பதில்லை.

நேற்று நான் பூ வைப்பதைப் பொறியாளர் பார்த்துக்கொண்டு நின்றார். "கடலுக்குப் பூப் போடறது அழகா இருக்கும்மா. உங்க ஊர் வழக்கமா?" என்று கேட்டார்.

விருந்தாளி அல்லவா. "ஆமாங்க" என்றேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா