கிணறு முதலாளிக்கு, மணிக்கயிறு தெருவுக்கு

அன்பு இக்பால்,

நீ வக்கீலாக ஜெயித்த ஒரு கேஸும் ஆம்பூரில் யாருக்கும் நினைவில்லை. நீ வாதாடாத கேஸ் ஒன்றுதான் இந்த மாதம் நம் தெருவைக் காப்பாற்றியது. இதைக் கேட்டுச் சிரிப்பாயா, கோபித்துக்கொள்வாயா?

அதுதான், வெள்ளைக்காரன் காலத்துக் கிணற்று வழக்கு. நீ உயிரோடிருந்தபோது டீக்கடையில் ஆரம்பித்தாலே நான் கொட்டாவி விடுவேனே, அது. நகராட்சி தன் கிணற்றை தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டது. டேனரியில் வேலை மணி அடிக்கும்வரை தெருக்காரர்கள் தண்ணீர் எடுக்கலாம் என்று ஒப்பந்தம். அந்த மகராசன் கோழி கூவும் முன்பே மணியடிக்க ஆரம்பித்தார். நகராட்சி கோர்ட்டுக்குப் போனது.

இப்போது அதே கிணற்றை ஒரு ஷூ கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்து, கம்பெனி வேலை தொடங்கும்வரை தெருக்குழாயில் விடுவார்களாம். நமக்கு வேறு நல்ல தண்ணீர் ஏது? வார்டு கூட்டத்தில் எழுந்து உன் கேஸைச் சொன்னேன். கம்பெனி மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசில கோர்ட்டு இன்னா சொல்லிச்சு சார்?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? நீ முடிவுக்கு வருவதற்குள் என் பஸ் வந்துவிடும். தப்பு உன் மேல்தான்.

அப்போது பின்வரிசையிலிருந்து உன் மனைவி ரெஹானா எழுந்தார். "மறுபடியும் அந்த மணியா" என்று உன்னைத் திட்டுவாரே, அவரேதான். "நான் சொல்றேன் அண்ணா. கிணறு முதலாளிக்கு, மணிக்கயிறு தெருவுக்குன்னு தீர்ப்பு." உன்னைப் போலவே வார்த்தைக்கு வார்த்தை நாற்காலியைத் தட்டிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லம்மா" என்றார் மேனேஜர்.

"அப்ப குழாய்ச் சாவிய எங்க கையில குடுக்கறதுல இன்னா பேஜார்?"

கூட்டமே சிரித்தது, மேனேஜரும்தான். நகராட்சி அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டது.

சாவி இப்போது உன் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கடைசிக் குடம் நிரம்பிய பிறகுதான் தங்கச்சி ரெஹானா பூட்டுகிறாள். கம்பெனி சங்கு ஊதினாலும் அசைவதில்லை. மேனேஜர் வீட்டுக் கேனும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

இனி டீக்கடையில் உன் கேஸை நான் சொல்வேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவேன், எவனும் பாதியில் பஸ் ஏறாதபடி. இது சத்தியம்.

அந்தக் கூட்டம்வரை என்னை "சார்" என்ற ரெஹானா "அண்ணா" என்றுவிட்டதால்,
இனி உன் மச்சான்,
தேவராஜ்