தலைமாட்டு ஜன்னல்

கொச்சி
9-2-2003

அன்புள்ள கல்பகம்,

நலம். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

வி.ஆர்.எஸ். பணத்தில் வாங்கிய நம் பாய்மரப் படகின் அடிப்பாகம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. பாழாய்ப்போன ஜன்னல்கள்தான் மிச்சம். எட்டும் வெடித்து ஒழுகுகின்றன. இங்கிலாந்துக் கம்பெனி சொல்லும் விலைக்கு இன்னொரு படகே வாங்கலாம். பம்பாய்க்காரன் பதிலே போடவில்லை. இங்கே பஸ்ஸுக்குக் கண்ணாடி போடுபவர்கள், வளைந்த மூலையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள்.

அங்கே செகந்திராபாத் பக்கத்தில் பாலாநகரில் அக்ரிலிக் வெட்டும் பட்டறைகள் உண்டு. ஜன்னல் அளவுக்கு அட்டை வெட்டி அனுப்பியிருக்கிறேன். மலிவாக யார் செய்வார்கள் என்று விசாரி. ஜூனில் நீ வந்துவிட்டால் படகிலேயே குடித்தனம் ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
சக்ரபாணி

மாரெட்பள்ளி
23-2-2003

அன்புள்ள உங்களுக்கு,

அநேக நமஸ்காரம். அட்டைகளோடு இரண்டு சனிக்கிழமை பாலாநகரில் அலைந்தேன். திருத்தாத பரீட்சைத் தாள்கள் வீட்டில் அப்படியே கிடக்கின்றன. ஆட்டோக்காரரிடம் படகுக்கு ஜன்னல் என்று சொல்லிவிட்டேன். இறங்கும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் பட்டறையில் பெயர்ப்பலகை மட்டும்தான் செய்வார்களாம். அடுத்தவர் நூறு ஜன்னலாவது வேண்டும் என்றார். கடைசியில் துரைராஜ் என்று ஒருவர். தமிழர், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். "படகுக்கா? நம்ம ஊர்ல கடலே இல்லியேம்மா, கைக்கு இங்க வந்தீங்க?" என்று சிரித்தார். 'ஏன்' என்பதற்கு அவருக்கு இந்த ஊர்க் 'கைக்கு'தான் வாயில் வருகிறது. ஆனால் செய்துதருகிறார், விலையும் நியாயம். "எட்டும் செய்யலாம். எது தெறக்கணும், எது மூடியே இருக்கணும்?" என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வந்தேன்.

என் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். படுக்கைத் தலைமாட்டில் இருப்பது திறக்க வேண்டும். மூடிய இடத்தில் எனக்கு மூச்சு முட்டும், ரயிலிலேயே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அது இருந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு வருகிறேன்.

கல்பகம்

கொச்சி
4-3-2003

அன்புள்ள கல்பகம்,

நீ கெட்டிக்காரி. துரைராஜிடமே கொடுத்துவிடு. ஆனால் திறக்கும் ஜன்னல் வேண்டாம். சட்டம், கீல், ரப்பர் என்று விலை ஏறும், ஒழுகவும் செய்யும். எட்டையும் அசையாமல் போல்ட் போட்டுவிடுகிறேன். உனக்கு ஒரு சின்ன ஃபேன் வாங்கிவிடலாம். போகப் போகப் பழகிவிடும்.

சக்ரபாணி

மாரெட்பள்ளி
30-3-2003

அன்புள்ள உங்களுக்கு,

எட்டையும் நீங்கள் சொன்னபடியே செய்து வாங்கி லாரியில் போட்டுவிட்டேன். கீறல் விழாமல் என் பழைய புடவைகளைச் சுற்றியிருக்கிறேன். மற்றதைப் பிறகு எழுதுகிறேன், அசதியாக இருக்கிறது.

கல்பகம்

கொச்சி
10-6-2003

அன்புள்ள கல்பகம்,

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாக ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் உள்ளே படுக்க முடியவில்லை, அப்படி ஒரு புழுக்கம். ஃபேன் அதே சூட்டைத்தான் திருப்பி அடிக்கிறது. மேலே படுத்தால் மழை. சில நாட்களாகப் படகுத்துறை வராந்தாவில்தான் தூங்குகிறேன்.

தலைமாட்டுக்குத் திறக்கும் ஜன்னலாகவே ஒன்று செய்யச் சொல். செலவு எவ்வளவானாலும் சரி. ராஜினாமா கொடுத்தாயா? ஒன்றும் எழுதவில்லையே.

சக்ரபாணி

மாரெட்பள்ளி
22-6-2003

அன்புள்ள உங்களுக்கு,

துரைராஜிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரக் கடைசியில் லாரியில் வரும். கீலை மேல்பக்கம் வைக்கச் சொன்னேன், மழையிலும் கொஞ்சம் திறந்துவைக்கலாமாம்.

ராஜினாமா கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருஷமும் எனக்கு ஏழாம் வகுப்புதான்.

எனக்கு மூச்சு முட்டும் என்றபோது விலை ஏறும் என்றீர்கள். உங்களுக்கு முட்டியதும் செலவு எவ்வளவானாலும் சரி என்கிறீர்கள். படித்ததும் கோபம்கூட வரவில்லை. பழகிவிடும் என்று நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பழகினேன். இனிமேல் பழக எனக்குத் தெம்பில்லை. படகுக்கு நான் வரவில்லை, ஜூனில் மட்டுமல்ல.

ஜன்னல் உங்களுக்காகத்தான். வந்ததும் பொருத்திவிடுங்கள், வராந்தாவில் படுத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல்பகம்