முட்டிக்கு நடுவே ஒரு தேங்காய்

டாக்குரியா, கொல்கத்தா
ஆவணி 20

அன்பு மகள் சங்கவிக்கு,

அப்பா மருதமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று நான் சொன்னால் இப்போதெல்லாம் நீ நம்புவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி.

முதலில் அந்த ரசம் விஷயம். ஜமாய் ஷஷ்டி அன்று மாப்பிள்ளை விருந்துக்காக நம் வாடிக்கைக்கார அண்ணி தத்தா பௌதி நம் கடையில் ரசப்பொடி வாங்கினார், நான் சீயக்காய்ப் பொடியைக் கொடுத்துவிட்டேன், பாத்திரத்தில் நுரை பொங்கியது, அவர் வீட்டு மாப்பிள்ளை ஒரு வாய் குடித்து எழுந்து ஓடினார். அவர் பெண் மௌமிதா உன் பள்ளிக்கூடத் தோழி, உடனே உனக்கு ஃபோன் செய்தாள். இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் நீ என்னிடம் இன்று என்ன கிழமை அப்பா என்று கேட்டாய். எதற்குக் கேட்டாய் என்று எனக்குப் புரியாதா? திங்கள்கிழமை என்று சொன்னேன். சரியாகச் சொன்ன பிறகும் நீ பெருமூச்சு விட்டாய். அந்தப் பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது முதுகுக்கு. நம் கடை எட்டடிக்கு ஆறடி, நடுவில் என் ஸ்டூல், இடப்பக்கம் அப்பளமும் வடகமும், வலப்பக்கம் பருப்பு, பின்னால் பொடி டின்கள் பத்து. நாற்பத்தொரு வருஷமாக நான் எழுந்து போய்ப் பொருள் எடுத்ததில்லை, உட்கார்ந்தபடியே இடுப்புக்கு மேலே திரும்பி எடுத்துக் கொடுப்பேன். போன பொங்கலுக்குப் பிறகு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இறுகிப்போய்த் திரும்ப முடியவில்லை. கையை மட்டும் பின்னால் விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன், இந்த ஒன்றை மட்டும். எறும்பு வந்ததென்று அம்மா அலமாரித் தட்டைக் கழுவி டின்களைத் திருப்பி வைத்தபோது இரண்டு டின் இடம் மாறிவிட்டது. பெயர் டின்னில்தான் இருக்கும், பாக்கெட்டில் கிடையாது, இரண்டு பொடியும் பழுப்பு. என் கை எப்போதும் போகும் இடத்துக்குச் சரியாகத்தான் போனது. இதை அம்மா அழுதுகொண்டே உன்னிடம் சொன்னாள். அப்பாவைக் காப்பாற்றப் பொய் சொல்லாதீங்கம்மா என்றாய்.

அன்றைக்கே நான் ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் போனேன். நீ சொல்லிப் போகவில்லை, நானாகப் போனேன். அவள் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, ஜேட்டு, பிட்டா எகேபாரே காட் என்றாள். பெரியப்பாவின் முதுகு மரக்கட்டையாகிவிட்டதாம். விலா எலும்போடு சேர்ந்த பன்னிரண்டு முதுகெலும்பும் கொஞ்சம் கொஞ்சம் திரும்ப வேண்டுமாம், வருஷக்கணக்காகக் கூனி உட்கார்ந்தால் அது மறந்துபோய்க் கழுத்தும் இடுப்பும் சேர்த்துச் சுமக்குமாம். படம் போட்ட ஒரு தாள் கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் நான், பொட்டலக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்தே வங்காளி எழுத்துப் படித்தவன், படம் பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டேனா?

காலையில் இரண்டு கோணியைக் கை கனத்துக்குச் சுருட்டி, தோள்பட்டைக்குக் கீழே குறுக்காக வைத்து, முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்கிறேன். தலையைக் கைகளில் தாங்கி, மூச்சை விடும்போது மெதுவாகப் பின்னால் சாய வேண்டும், இடுப்பு தரையிலேயே இருக்க வேண்டும். முதல் நாள் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். பிறகு கையும் முட்டியும் ஊன்றிப் பூனை சோம்பல் முறிப்பது போல முதுகை மேலே வளைத்துக் கீழே விடுவது பத்து முறை. ஏங்க, இந்த வயசுல இதையும் பாக்கணும்னு எனக்கு எழுதியிருக்கா என்றாள். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மேல் கையைக் கதவு திறப்பது போல அந்தப் பக்கம் விரிப்பது, கண் கை கூடவே போக வேண்டும். கடைக்குப் போனதும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அதில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் மேலே தேய்த்து ஏற்றி இறக்குவேன். எதிர் டீக்கடைக்காரர் தினமும் கேட்கிறார், தாதா, அண்ணா, இன்னிக்குக் கையத் தூக்கச் சொன்னது யாரு, போலீஸா, கொள்ளைக்காரனா என்று. கேட்கட்டும். கொத்தினாற்போல வலித்தாலோ கை மரத்தாலோ நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், அதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்கிறேன். உடற்பயிற்சிக்கென்று நீ அனுப்பிய ரப்பர் பட்டையும் வீண்போகவில்லை, கோணிச் சுருளைக் கட்ட நன்றாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிது ஸ்டூலில் உட்கார்ந்து திரும்புவது. கையை மார்பில் கட்டிக்கொண்டு மேல் முதுகு மட்டும் திரும்ப வேண்டும், நானோ இடுப்பையும் சேர்த்துத் திருப்பி ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் முட்டிக்கு நடுவே ஒரு தேங்காயை வைத்துக்கொண்டேன். இடுப்பு அசைந்தால் காய் நழுவும். முதல் வாரம் இரண்டு காய் தெருவுக்கே ஓடின, ஒன்று ரிக்‌ஷா சக்கரத்தில் போனது. நான் விடவில்லை. அப்போது இரண்டு டின்தான் கண்ணில் பட்டது, மூன்றாவது வாரம் ஐந்து, இப்போது பத்தும். தினமும் நான் வருவதற்கு முன் அம்மா டின்களைக் கலைத்து வைக்கிறாள், எதை எங்கே வைத்தாள் என்று சொல்வதில்லை, நான் திரும்பிப் படித்துத்தான் எடுக்கிறேன். நான் கேட்காமலே பாக்கெட் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டவும் ஆரம்பித்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

இப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை கடையைக் கைமாற்றிவிடச் சொன்ன உன் பேச்சைக் கேட்டு தரகர் ஜெய்ராம் மொபைல் ரிப்பேர் கடை போடும் ஆள் ஒருவரைக் கூட்டி வந்தார். எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு இருவரும் எனக்குப் பின்னால், பொடி டின்களுக்குக் கீழே உட்கார்ந்து டேப் பிடித்து அளந்தார்கள். அண்ணாச்சி முன்ன மாதிரி இல்ல, பாவம், பாப்பா துர்கா பூஜைக்கு வர்றதுக்குள்ள முடிச்சிரலாம் என்று ஜெய்ராம் தணிந்த குரலில் சொன்னார். பாவமாம். நான் எழுந்திருக்கவில்லை. தேங்காய் அசையாமல் திரும்பினேன். ஜெய்ராம், உங்க தலைக்கு மேல இருக்கிற டின்னு பருப்புப் பொடி, நேத்து அந்த இடத்துல மல்லிப் பொடி இருந்துச்சு, உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் போடல என்றேன். அவர் குனிந்து பார்த்துப் பட்டனைப் போட்டார். வந்த ஆள் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். கடை யாருக்கும் இல்லை என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. நான் சொல்லியாகிவிட்டது, உன் வாயாலும் அவர் கேட்க வேண்டும்.

தத்தா பௌதி மூன்று மாதமாக நம்மிடம் அப்பளம் மட்டும்தான் வாங்கினார், பொடி வேறெங்கோ. நேற்று வந்து, தாதா, ரசப்பொடி என்றார். நான் திரும்பி, படித்து, எடுத்துக் கொடுத்தேன். என் எதிரிலேயே பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தார். சாபான் நா தோ, சோப்பு இல்லையே என்றார். சிரித்துக்கொண்டே இரண்டாவது பாக்கெட்டும் கேட்டார்.

பூஜைக்கு நீ வருகிறாய். அம்மாவை நம்ப வேண்டாம், நீயே உன் கையால் பத்து டின்னையும் கலைத்து வை. எந்தப் பொடி வேண்டுமானாலும் கேள், எத்தனை முறை வேண்டுமானாலும் கேள். ஒன்று தப்பாக எடுத்தேனானால் அங்கேயே சாவியை உன் கையில் கொடுத்துவிடுகிறேன், நீ சொல்லும் ஊருக்கு வருகிறேன். எல்லாம் சரியாக எடுத்தால் என்னிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய், பொய் சொன்னவள் என்று நினைத்ததற்கு உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேள். அந்த மன்னிப்பை அவளாகக் கேட்கவே மாட்டாள். அவளுக்காக நான் கேட்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நிமிர்ந்த முதுகோடு பல்லாண்டு வாழ வேண்டும், கந்தன் துணை இருப்பான். இந்தத் தேங்காய்ப் பயிற்சியை நீயும் மறக்காமல் செய். வீடியோவில் பார்த்தேன், லேப்டாப் முன்னால் நீ என்னைவிடக் கூனி உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஊரில் தேங்காய் கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே, நார் உரிக்காமல் இரண்டு காய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், போகும்போது கொண்டு போ.

இப்படிக்கு,
இன்று வெள்ளிக்கிழமை என்று தெரிந்த உன் அப்பா,
மருதமுத்து